மணி பிடித்தல்

கதிர் வந்துவிட்டதாலேயே நெல் வந்துவிடாது. பூத்த கதிரில் முதலில் பால் பிடிக்கும். நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகக் கசியும். அந்தப் பால் இறுகித் திரண்டு அரிசியாவதுதான் 'மணி பிடித்தல்'. பூத்ததிலிருந்து முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாள். இடையில் தண்ணீர் தட்டினால் பதர்தான் மிஞ்சும். 'பயிர் சாவியாகிவிட்டது' என்பார்கள். நம் பிள்ளைகளுக்குச் சாவி என்றால் பூட்டுச் சாவி மட்டுமே. அது போர்த்துக்கீசியர் வழி வந்த வேறு சொல்.

கோதுமைக்கும் இதே கதைதான். 2022 மார்ச் வெயிலில் பஞ்சாப் கோதுமை சுருங்கிப்போனது, மணி பிடிக்கும் பருவத்தில். ரயில்வே வேலையில் வடக்கே லைன் ஓரத்து வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயில் வந்தது இந்தச் சொல்தான். அடுத்த பயணத்தில் ஜன்னலோரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லும் பதராகிவிடக் கூடாது.