சிங்கமுக தேவிக்கு ஒரு நேர்த்திக்கடன்!

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் கதவே இல்லாத ஒரு கோயில். உள்ளே வீற்றிருப்பவள், பண்டைய எகிப்தின் சிங்கமுக தேவி செக்மெட்!

1965-ல் எகிப்து சென்ற ஜெனிவீவ் வாகன், ‘குழந்தை பிறந்தால் கோயில் கட்டுகிறேன்’ என செக்மெட்டிடம் வேண்டிக்கொண்டார். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். 1993-ல் வேண்டுதலை நிறைவேற்றினார்.

மனித குலத்தையே அழிக்கப் புறப்பட்டவள் செக்மெட். செந்நிற பீரை ரத்தமென நினைத்துக் குடித்து, மயங்கிச் சாந்தமானாள் என்கிறது எகிப்தியப் புராணம். அதனால் இன்றும் அவளை வழிபடுவோர் சிவப்பு நிற பானம், ரொட்டி, மலர், தூபம் வைத்துப் படைக்கிறார்கள். படைத்ததைப் பிறகு தாங்களே உண்கிறார்கள். பண்டைய எகிப்தியப் பூசாரிகளும் அப்படித்தான் செய்தார்கள்.

கோயிலுக்கு அருகில்தான், 1951 முதல் 1992 வரை அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த சோதனைத் தளம். உலக அமைதிக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் வாகன். தேவியின் கோபம் தணிந்ததுபோல மனிதர்களின் கோபமும் தணியட்டும்!