காரின் பிரேக்கும் அதன் சிறு உறுப்புகளும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பயன்படுத்துகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய ஊர்களைக் கடந்தபின், சேலத்திற்கு முன்னர்த் தொப்பூர்க் கணவாய் வருகிறது. அங்கே சாலை நெடுந்தொலைவு இறக்கமாகச் செல்லும். பிரேக் பிடிக்காமல் லாரிகள் விபத்துக்குள்ளாகும் இடமாக அது பெயர் பெற்றுவிட்டது. பிரேக் ஏன் செயலிழக்கிறது? அதனை எவ்வாறு பேணுவது? இப்பாடத்தில் காரின் பிரேக்கைக் கொண்டு அறிவோம்.

பிரேக் இயங்கும் முறை

காரின் முன்சக்கரத்தோடு இரும்புத் தட்டு ஒன்றும் சேர்ந்து சுழல்கிறது. அதன் இருபுறமும் பிரேக் பேடு எனப்படும் உராய்வுக் கட்டைகள் உள்ளன. ஓட்டுநர் மிதியை அழுத்தினால், குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைக் காலிப்பர் என்னும் பிடிப்பானுக்குக் கடத்தும். பிடிப்பான் பேடுகளைத் தட்டின்மீது இறுக்கும். உராய்வினால் காரின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறும்; வேகம் குறையும்.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 50,000 ஜூல், 72 கி.மீ. வேகத்தில் 2,00,000 ஜூல். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே சென்றால், உண்டாகும் வெப்பம் ஆறுவதற்கு நேரம் இராது. அளவுகடந்து சூடேறிய பேடு பிடிமானத்தை இழக்கும். ஆதலால் இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்ல வேண்டும். அப்போது எஞ்சினும் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும்.

சிறு உறுப்புகளின் பெரும்பணி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. பிரேக்கிற்கும் இது பொருந்தும். பிடிப்பான் நகர்வதற்கு உதவும் பின்கள், பேடுகளைத் தாங்கும் எஃகுக் கிளிப்புகள், பின்களைத் தூசியிலிருந்து காக்கும் ரப்பர் உறைகள் ஆகியன அளவில் சிறியவை. உறை கிழிந்தால் மழைநீரும் சேறும் புகுந்து பின் துருப்பிடிக்கும். பின் இறுகினால் ஒரு பேடு மட்டும் விரைந்து தேயும். வண்டி ஒருபக்கமாக இழுக்கவும் கூடும். புதிய பேடு மாட்டினாலும் இக்குறை நீங்காது.

பேடு மாற்றும்போது

பெங்களூரு ஜே.சி. சாலையில் உதிரி உறுப்புக் கடைகள் மிகுதி. பேடு வாங்கும்போது அதற்குரிய கிளிப்புகளையும் கேட்டுப் பெறுதல் நன்று. தேர்ந்த மெக்கானிக் பின்வருமாறு செய்வார்:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தாங்கியின்மீது உறுதியாக அமர்த்துவார்.
2. பிடிப்பானைக் கழற்றியபின் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைப்பார்.
3. துருவை நீக்கிப் புதிய கிளிப்புகளைப் பொருத்துவார். பின்களுக்கு வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் தடவுவார். பேடின் உராயும் பரப்பில் கிரீஸ் படவிடமாட்டார்.
4. இடம், வலம் ஆகிய இரு சக்கரங்களிலும் பேடுகளை ஒருசேர மாற்றுவார்.
5. வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது உறுதியாக நிற்கிறதா எனப் பார்ப்பார்.

இப்பணி பெரியவர்களுக்கு உரியது. எனினும் மாணவர்களாகிய நீங்களும் உதவலாம். பேடு தேய்ந்ததும், பல கார்களில் அதிலுள்ள சிறு தகடு இரும்புத் தட்டில் உரசிக் கிறீச்சென ஒலிக்கும். அவ்வொலி கேட்டால் பெற்றோரிடம் உடனே கூறுங்கள். உராய்வுப் பகுதி ஏறத்தாழ 3 மி.மீ. அளவிற்குத் தேய்ந்திருப்பின் மாற்றிவிட வேண்டும். ஊருக்குப் புறப்படுமுன் செய்யும் இச்சோதனை, இறக்கத்தில் உயிர்களைக் காக்கும்.

சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
பேணுதல் – பாதுகாத்தல்
பிடிமானம் – பற்றி நிறுத்தும் திறன்

விடை எழுதுக

1. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வது ஏன்?
2. ரப்பர் உறை கிழிந்தால் நேரும் விளைவுகள் யாவை?
3. பழமொழியின் கருத்தை உங்கள் சொற்களில் எழுதுக.