லாரித் தண்ணீரும் ஏரி வாளையும்

கோவளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் கேளம்பாக்கத்தில் கடல் மீனுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் என் மாமியாருக்கு ஏரி மீன்தான் உசத்தி. "வஞ்சிரம் என்னம்மா வஞ்சிரம்... ஏரி வாளைக் கொழம்புக்கு ஈடாகுமா?" என்பார். அந்த வாளை இப்போது எங்கள் மார்க்கெட்டில் கண்ணிலேயே படுவதில்லை. அழியக்கூடிய ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் அதையும் சேர்த்து விட்டார்கள்!

"மீனுக்கும் நம்ம வீட்டுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழியரே. எங்கள் பக்கம் அடுக்குமாடி வீடுகள் பெருகிய பின், கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான் கதி. ஒரு லாரிக்கு 12 ஆயிரம் லிட்டர். அது என்ன, வானத்திலிருந்தா வருகிறது? சுற்றுப்பட்டு கிராமத்துக் கிணற்றிலும் போரிலும் உறிஞ்சுவதுதானே! நிலத்தடி நீர் இறங்கினால் ஏரியும் சீக்கிரம் வற்றிவிடும். விராலாவது சேற்றுக்குள் புதைந்து, காற்றைச் சுவாசித்துக் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். வாளைக்கும் கெண்டைக்கும் அந்தச் சாமர்த்தியம் ஏது?

சென்னைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் அங்கே போவது காவிரித் தண்ணீர். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழ்வது கூன் முதுகு மகசீர் என்ற ராட்சதக் கெண்டை. 50 கிலோவுக்கு மேல்கூட வளருமாம். 2018ல் அதை அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தார்கள். அணை, மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடிப்பது என்று காரணம் பல. ஆற்றில் தண்ணீர் குறைவதும் ஒன்று.

"அதான் நெம்மேலியில 2013லேர்ந்து கடல் தண்ணிய குடிநீராக்குறாங்களே" என்கிறார் என் கணவர். அதற்கு ஆகிற கரண்டை யார் கணக்குப் பார்ப்பது?

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷின் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2, 3 லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதைப் பக்கெட்டில் பிடித்து, வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக் கொள்கிறேன். உப்பு ஜாஸ்தி, செடிக்கு ஊற்றாதீர்கள். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர்தான் செடிக்கு. கறிவேப்பிலை தளதளவென்று நிற்கிறது! ஷவருக்குப் பதில் பக்கெட்டும் சொம்பும் என்றதும் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இப்போது பழகி விட்டது. மழைநீர் சேகரிப்பை 2003லேயே கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் இருக்கும், குழியில் மண் அடைத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே தூர் வாரிவிட வேண்டும்.

போன கோடையில் வாரம் 3 லாரி வாங்கிய எங்கள் குடியிருப்புக்கு இந்தக் கோடையில் இரண்டே போதுமானதாக இருந்தது. மிச்சமான பணத்தை என்ன செய்வது என்றுதான் இப்போது சங்கத்தில் சண்டை!

- ஒரு இல்லத்தரசி, கேளம்பாக்கம்.