மண்ணுக்குள் உறங்கும் மொட்டுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மேய்ச்சல் நிலங்களில் புல்லை ஒடுக்கிப் பரவும் மெஸ்கிட், தமிழ்நாட்டுக் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்திற்கு நெருங்கிய உறவு மரமாகும். இதன் மறுதுளிர்ப்பு ஆற்றல் ஆழத்து வேர்களில் இல்லை. மண்ணுக்குள் புதைந்திருக்கும் அடித்தண்டின் உறங்கு நிலை மொட்டுகளில்தான் இருக்கிறது. மேலே வெட்டினாலோ தீயிட்டாலோ அம்மொட்டுகள் விழித்துக்கொள்வதால், ஒற்றைத் தண்டாக நின்ற மரம் பல தண்டுகள் கொண்ட புதராகி முன்னிலும் பெருந்தொல்லை தருகிறது.

எனவே களைக்கொல்லி இலையைக் கருக்குவதில் பயனில்லை. அது அம்மொட்டுகளைச் சென்றடைய வேண்டும். இலையில் படும் மருந்து, சர்க்கரையைக் கடத்தும் புளோயம் திசுவின் வழியே பயணம் செய்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் சேமிப்புச் சர்க்கரை வேரிலிருந்து தளிர்களை நோக்கி மேலேறுவதால், அப்போது தெளிப்பது வீண். வெளிர்பச்சை இலைகள் முதிர்ந்து கரும்பச்சையாகி, 30 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸைக் கடந்த பிறகே, உணவோட்டம் கீழ்நோக்கித் திரும்பி மருந்தையும் உடன் கொண்டுசெல்கிறது. மருந்தை மிகக் கடுமையாகக் கலந்தால், அது இறங்குமுன்பே கடத்தும் திசு கருகிவிடும் என்பதையும் இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியினர் 1995-ல் தொடங்கிய 'பிரஷ் பஸ்டர்ஸ்' திட்டம், வானிலிருந்து பரவலாகத் தூவாமல் மரத்துக்கு மரம் மருந்திடும் முறையைப் பண்ணையாளர்களிடம் கொண்டுசென்றது. காற்றில் அடித்துச் செல்லப்படும் மருந்தால் கெடக்கூடிய அக்கம்பக்கத்துப் பருத்தி வயல்களை எண்ணிப் பார்த்தால் இதுவே பொறுப்பான வழி. இலைகளுக்குக் க்ளோபைராலிட் போன்ற மருந்துகளும், தண்டுக்கு ட்ரைக்ளோபிரும் பயன்படுகின்றன. இவை வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போல நடித்துச் செல்களைக் கட்டுக்கடங்காமல் பெருகச் செய்து, கடத்தும் திசுக்களைச் சிதைக்கின்றன. புல்லினங்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால், மரம் பட்ட இடத்தில் மேய்ச்சல் மீள்கிறது. புல்லையும் சேர்த்துக் கொல்லும் கிளைபோசேட்டுக்கு இந்த நன்மை இல்லை.

வழவழப்பான பட்டையுள்ள இளமரங்களில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் வரை தண்டைச் சுற்றிலும், 15 விழுக்காடு ட்ரைக்ளோபிர் மருந்தும் எஞ்சிய பங்கு டீசலுமான கலவையைத் தெளிக்கிறார்கள். நீரைப் புகவிடாத பட்டையை எண்ணெய் ஊடுருவி மருந்தை உள்ளே சேர்க்கிறது. முதிர்ந்த சொரசொரப்பான பட்டைக்கு மருந்தின் பங்கு 25 விழுக்காடாக உயர்கிறது. தண்டின் ஒரு பக்கம் நனையாமல் விடுபட்டாலும் அப்பக்கத்து மொட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து மரத்தைக் கொன்றாலும் விதைகள் எஞ்சுகின்றன. இனிப்பான காய்களைத் தின்ற மாடுகளின் சாணத்தில் சேதமின்றி வெளிவரும் கடினத் தோல் விதைகள் புதிய இடங்களில் முளைப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை நடந்து பார்த்து, கன்றுகள் சிறியனவாக இருக்கும்போதே மருந்திடுவது பண்ணையாளரின் வழக்கமான வேலையாகிவிடுகிறது.