பந்தைக் கொடுத்தவரும் கோல் போட்டவரும்

"ஊரில் நான் யார் தெரியுமா?"

தாராவி டீக்கடையிலும் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் மாலை நேர லோக்கல் ரெயிலிலும் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் இல்லை. ஒருவர் மாவட்ட அளவில் கபடி ஆடியவர். ஒருவர் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. இன்னொருவர் ஊர்த் திருவிழாவை ஒற்றை ஆளாக நின்று நடத்தியவர். இதையெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. பாதிக்கு மேல் உண்மைதான். பிழைக்க வந்த இடத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. பழைய பெருமையைத்தான் விலாசமாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆக்கி வீரர் தியான் சந்த்தைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

பஞ்சாப் மெயிலில் டெல்லிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஜான்சி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். அதுதான் அவர் ஊர். பிறந்தது 1905-ல் அலகாபாத்தில். 1922-ல் சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ், 1936 பெர்லின் என்று மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் தங்கம். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் அவர் போட்டது 14 கோல். லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று நொறுக்கியது. அதில் இவர் பங்கு 8. தம்பி ரூப் சிங் பங்கு 10.

இப்படிப்பட்டவரிடம் "உங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம் எது?" என்று கேட்டால் எதைச் சொல்வார்? நாமாக இருந்தால் 24 கோலை விட்டு இறங்கியிருக்க மாட்டோம்!

1952-ல் வெளிவந்த "கோல்" என்ற தன் வரலாற்று நூலில் அவரே இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். ஒலிம்பிக் ஆட்டம் எதையும் அவர் சொல்லவில்லை. 1933-ல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சொல்கிறார். ஜான்சி ஹீரோஸ் அணிக்கும் கல்கத்தா கஸ்டம்ஸ் அணிக்கும் போட்டி. கஸ்டம்ஸ் பலமான கோஷ்டி. ஆட்டம் முழுக்க அவர்கள் கைதான் ஓங்கி இருந்தது. ஒரு சமயம் பந்து தியான் சந்த்திடம் வந்தது. நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார். இஸ்மாயில் என்ற வீரர் பாதி மைதானம் ஓடிப் போய் அதைப் பிடித்தார். கஸ்டம்ஸ் இடது ஹாபுக்கும் கோல் கீப்பருக்கும் இடையில் ஒரு சின்னக் குழப்பம். அந்தச் சந்தில் புகுந்து இஸ்மாயில் கோல் போட்டார். ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான்.

இஸ்மாயில் யார் என்பதையும் தியான் சந்த் மறக்காமல் எழுதி வைத்தார். பம்பாய் ஜி.ஐ.பி. ரெயில்வேக்காரர்! அந்த ஜி.ஐ.பி.தான் 1951-ல் மத்திய ரெயில்வேயாக மாறியது. இது தெரிந்த அன்று நான் ஆபீசில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஆயிரம் கோல் கதை சொல்லக்கூடியவர், தான் கோல் போடாத ஆட்டத்தைத் தலைசிறந்தது என்கிறார். போட்டவன் பெயரும் அவன் வேலை பார்த்த இடமும் அவருக்கு 19 வருடம் கழித்தும் நினைவிருக்கிறது.

பெர்லினில் விழுந்த அடி

1936-ல் அவர் கேப்டன். கையில் ஏற்கனவே இரண்டு தங்கம். பெர்லின் போய் இறங்கிய சில நாளில் ஜெர்மனியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 1-4 என்று தோற்றது.

பயணக் களைப்பு, பழக்கமில்லாத மைதானம், பயிற்சி ஆட்டம்தானே என்று ஆயிரம் சமாதானம் சொல்லியிருக்கலாம். தியான் சந்த் அந்தத் தோல்வியை ஆயுளுக்கும் மறக்க முடியாத ஒன்றாகவே எழுதியிருக்கிறார். அணியில் ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். தாரா என்ற வீரரை உடனே அனுப்பும்படி இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. அவர் விமானத்தில் வந்து அரை இறுதிக்குச் சேர்ந்துகொண்டார். பிரான்ஸ் 10-0 என்று தோற்றது. ஆகஸ்டு 15-ந் தேதி இறுதி ஆட்டம், அதே ஜெர்மனியுடன். இடைவேளை வரை ஒரே ஒரு கோல். பிறகு கேப்டன் பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார். முடிவு 8-1. அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் இந்தியா வாங்கியது அந்த ஒரு கோல்தான்.

அடக்கம் என்றால் கை கட்டி நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. இரண்டு தங்கம் வாங்கியவன், "இன்றைக்கு என்னால் தனியாக முடியாது, ஆள் வேண்டும்" என்று கேட்பதுதான் பெரிய விஷயம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1956-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. ஆனாலும் கடைசிக் காலம் வசதியாக இல்லை. 1979 டிசம்பர் 3-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி தேசிய விளையாட்டு தினமானதும், 2021-ல் கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர் வைத்ததும் அதற்குப் பிறகுதான். நாம் பேசாவிட்டால் ஊர் தானாகப் பேசும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. சர்வீஸ் புத்தகத்தில் ஏற வேண்டியது ஏற வேண்டும். அதைக் கேட்பது தற்பெருமை ஆகாது.

பார்சல் ஆபீசில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார்; இப்போது ரிட்டயர்டு. லேபிள் கிழிந்து, எந்த ஊர் என்றே தெரியாமல் கிடந்த மூட்டைகளைச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்த கதையை எல்லோரும் அவர் பெயரில்தான் சொல்வோம். அவரிடமே கேட்டால், "நான் எங்கல கண்டுபிடிச்சேன்? மூட்டைக்கு அடியில பெயிண்டு மார்க்கைப் பார்த்தது கலாசில்லா! நான் ரிஜிஸ்தரைப் புரட்டினேன், அவ்வளவுதான்" என்பார்.

அந்த வருடம் ரெயில்வே வார விருதுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று அண்ணாச்சி ஒதுங்கவில்லை. மனு எழுதினார். அதில் இரண்டு பெயர் இருந்தது. கலாசியின் பெயர் முதலில்.