புதுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

புதுச் செருப்பு காலைக் கடிக்கும். புது மாடு ஏரில் முரண்டு பிடிக்கும். புதுத் துப்பாக்கியும் அப்படித்தான்!

கடையிலிருந்து வாங்கி வந்த அன்றே அதை நம்பிவிடக் கூடாது. முதலில் அதைப் பழக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது? சுட்டுத்தான் பழக்க வேண்டும். சரி, எந்தத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்குகிற பலர் கேட்கும் கேள்வி இது.

உலகிலேயே பொதுமக்களிடம் மிக அதிகமான துப்பாக்கிகள் உள்ள நாடு அமெரிக்கா. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே மக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்ததாக, ஜெனீவா நகரில் உள்ள ஓர் ஆய்வு நிலையம் மதிப்பிட்டது. அந்த நாட்டின் மக்கள் தொகையைவிட இது அதிகம்!

தற்காப்புக்காகச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்கிறவர்கள் சிறிய கைத்துப்பாக்கியையே விரும்புகிறார்கள். 2018ஆம் ஆண்டில் சிக் சாவர் கம்பெனி பி 365 என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அதன் நீளம் 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை சுமார் அரைக் கிலோ. ஆனால் அதன் பிடிக்குள் 10 தோட்டாக்கள் அடங்கும்!

ஆபத்து வந்தால் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்குகிற பொருள் இது. அந்த நேரத்தில் தோட்டா சிக்கிக்கொண்டால்? கையில் இருப்பது துப்பாக்கி அல்ல; வெறும் இரும்புத் துண்டு!

கண் இமைக்கும் நேரத்தில்

சிறிய துப்பாக்கி ஏன் சிக்குகிறது? அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

விசையை இழுத்ததும் ஓர் ஊசி தோட்டாவின் அடியில் குத்துகிறது. அங்கே ஒரு சிறு பொட்டு வெடி இருக்கிறது. அது தீப்பொறி கிளப்புகிறது. உள்ளே இருக்கும் மருந்து எரிந்து புகையாகிறது. அந்தப் புகையின் அழுத்தம் குண்டைக் குழல் வழியே முன்னால் தள்ளுகிறது.

குண்டு முன்னே பாயும்போது, துப்பாக்கியின் மேல் மூடி பின்னே ஓடுகிறது. ஓடுகிற வேகத்தில் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. உடனே ஒரு சுருள்வில் மூடியை முன்னால் தள்ளுகிறது. மூடி திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து குழலில் செருகுகிறது.

இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகிறது!

பெரிய துப்பாக்கியில் மேல் மூடி கனமானது. அது ஓடுவதற்கு இடமும் அதிகம். சிறிய துப்பாக்கியில் மூடி லேசானது. ஓடும் தூரமும் குறைவு. ஆகவே அதை அடக்குவதற்கு மிகவும் விறைப்பான சுருள்வில் வைக்கிறார்கள்.

புதிதாக இருக்கும்போது அந்த வில் இன்னும் விறைப்பாக இருக்கும். இரும்போடு இரும்பு உரசும் இடங்களும் வழவழப்பாக இரா. அப்போது வலுக்குறைந்த தோட்டாவைப் போட்டால் மூடி முழுதும் பின்னே போகாது. காலிக் கூடு வெளியே விழாமல் வாசலில் நட்டுக்கொண்டு நிற்கும். அடுப்பின் புகைபோக்கி போலத் தெரிவதால், 'புகைபோக்கி' என்றே சுடுகிறவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் மிகவும் வலுவான தோட்டாவைப் போடலாமா? அதிலும் தொல்லை உண்டு. மூடி மிக வேகமாகப் போய்த் திரும்பிவிடும். அடுத்த தோட்டா மேலே எழும்பி வருவதற்குள் மூடி கடந்துவிடும்.

சிறிய துப்பாக்கிக்குக் குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது!

9 போதாது, 19 வேண்டும்

இன்று பெரும்பாலான சிறிய கைத்துப்பாக்கிகள் 9 மில்லிமீட்டர் லூகர் தோட்டாவைச் சுடுகின்றன. ஜெர்மனியில் வேலை செய்த ஜார்ஜ் லூகர் என்பவர் 1902ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதன் மவுசு குறையவில்லை.

கடைக்குப் போய் "9 மில்லிமீட்டர் கொடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. 9 மில்லிமீட்டரில் பல வகை உண்டு. லூகர் தோட்டாவின் கூடு 19 மில்லிமீட்டர் நீளம். மக்கரோவ் என்ற ரஷ்யத் தோட்டாவின் கூடு 18 மில்லிமீட்டர். '9 மில்லிமீட்டர் குட்டை' என்று ஒன்று இருக்கிறது. அதன் கூடு 17 மில்லிமீட்டர்தான்.

பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஆபத்து. துப்பாக்கியின் குழலில் பொறித்திருக்கும் பெயரும், தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் முதல் பாடம்.

கிரெய்ன் கணக்கு

தோட்டாப் பெட்டியின் மேல் 115, 124, 147 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது விலை அல்ல, குண்டின் எடை!

குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வது வழக்கம். கிரெய்ன் என்றால் தானிய மணி. 7,000 கிரெய்ன் சேர்ந்தது ஒரு பவுண்டு. 115 கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஏழரை கிராம். 124 கிரெய்ன் 8 கிராம். 147 கிரெய்ன் ஒன்பதரை கிராம்.

பழக்குவதற்கு 115 அல்லது 124 கிரெய்ன் குண்டுகளையே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பவையும் இவைதான். 115 போட்டுத் துப்பாக்கி தடுமாறினால் 124 போட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கியுடன் வரும் கைப்புத்தகத்தில் கம்பெனியே ஓர் எடையைச் சொல்லியிருந்தால் அதுவே மேல்.

எடையைப் பார்த்தாயிற்று. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

குண்டின் மூக்கு உருண்டையாக இருக்க வேண்டும். அதன் ஈயத்தின் மேல் செம்புக் கவசம் முழுதும் மூடியிருக்க வேண்டும். உருண்டை மூக்கு குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கூடு பித்தளையாக இருப்பது நல்லது. வெடிக்கும்போது பித்தளை விரிந்து, பிறகு சற்றே சுருங்கும். அதனால் எளிதாக வெளியே வரும். எஃகுக் கூடு மலிவு. ஆனால் அப்படிச் சுருங்குவதில்லை. பழகாத துப்பாக்கியில் அதைப் போட்டால் துப்பாக்கி சிக்கும்போது, தவறு துப்பாக்கியுடையதா தோட்டாவுடையதா என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் 'பிளஸ் பி' என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் கம்பெனிகள் 1926ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தன. தோட்டாவின் அழுத்தத்துக்கு அது வரம்பு வகுத்திருக்கிறது. சாதாரண லூகர் தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி தோட்டாவுக்கு 38,500 பவுண்டு. இந்தக் கூடுதல் அழுத்தம் பழக்குவதற்குத் தேவையில்லை. துப்பாக்கிதான் சீக்கிரம் தேயும்.

மலிவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

சுட்ட கூட்டைப் பொறுக்கி, அதில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்து விற்பது உண்டு. விலை குறைவு என்று பலர் வாங்குவார்கள். வீட்டிலேயே அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய தோட்டாவைப் போட்டுப் பழுதானால் நாங்கள் பொறுப்பல்ல என்று பல துப்பாக்கிக் கம்பெனிகள் சொல்லிவிடுகின்றன.

காரணம் இருக்கிறது. அடைக்கும்போது ஒரு கூட்டில் மருந்து விழாமல் போய்விட்டால் என்ன ஆகும்? பொட்டு வெடியின் வலுவில் குண்டு குழலுக்குள் பாதி தூரம் போய் நின்றுவிடும். 'டமார்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பட்' என்று சின்னச் சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அடுத்ததைச் சுட்டால், இரண்டாவது குண்டு முதல் குண்டின் மேல் மோதும். குழல் வெடித்துக் கையே போகலாம்!

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காமல் போவது வேறு சங்கதி. அது சில நொடி தாமதித்தும் வெடிக்கக்கூடும். ஆகவே குழலை இலக்கை நோக்கிப் பிடித்தபடியே அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகுதான் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். குழலுக்குள் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

நான்கு பெட்டி

எத்தனை தோட்டா சுட்டால் துப்பாக்கி பழகும்?

எல்லாக் கம்பெனிகளும் ஒன்றுபோலச் சொல்வதில்லை. சிறிய துப்பாக்கி செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளில் 'கார்' என்பதும் ஒன்று. 200 தோட்டா சுட்ட பிறகே தன் துப்பாக்கியை நம்ப வேண்டும் என்று அது கூறுகிறது. பழக்கவே வேண்டாம், வாங்கியதும் வேலை செய்யும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

யார் சொல்வது சரியாயினும் சுட்டுப் பார்ப்பதால் நஷ்டம் இல்லை. பழகாத துப்பாக்கி பழகும். பழுதான துப்பாக்கி அகப்பட்டுக்கொள்ளும்!

தோட்டா 50 கொண்ட பெட்டிகளாகக் கிடைக்கிறது. 200 என்றால் நான்கு பெட்டி. முதலில் துப்பாக்கியைக் கழற்றி, கம்பெனி பூசிய எண்ணெயைத் துடைத்து, புதிதாக எண்ணெய் இட வேண்டும். பிறகு ஒரே வகைத் தோட்டாவை நிதானமாகச் சுட வேண்டும்.

எத்தனையாவது தோட்டா சிக்கியது, எந்த அடுக்குப் பெட்டியில் சிக்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. முதல் பெட்டியில் இரண்டு தடவை சிக்கி, பிறகு சிக்காமல் ஓடினால் துப்பாக்கி பழகிவிட்டது என்று பொருள். நான்காவது பெட்டியிலும் சிக்கினால் கம்பெனிக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே அடுக்குப் பெட்டியில் மட்டும் சிக்கினால் குற்றம் அந்தப் பெட்டியுடையது.

கையையும் கவனிக்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் துப்பாக்கி முழுதுமே பின்னால் சாயும். மூடி ஓட வேண்டிய அளவு ஓடாது. நல்ல துப்பாக்கியும் சிக்கும்!

கடைசிப் பரீட்சை

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

பழக்குவது உருண்டை மூக்குத் தோட்டாவால். ஆனால் தற்காப்புக்காக எடுத்துச் செல்வது பெரும்பாலும் மூக்கில் குழி உள்ள தோட்டா. உடலில் பட்டதும் அந்தக் குண்டு மலர்ந்து நிற்கும். ஊடுருவிச் சென்று பின்னால் நிற்கும் இன்னொருவரைத் தாக்குவது குறையும்.

விரியும் குண்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் இருந்த ஆயுதச் சாலையில் 1890களில் இத்தகைய குண்டு செய்தார்கள். அதனால் 'டம்டம் குண்டு' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899ஆம் ஆண்டில் ஹேக் மாநாடு அறிவித்தது.

குழி மூக்குக் குண்டின் வாய் அகலமானது. சிறிய துப்பாக்கியின் குழல் வாசலில் அது இடிக்கக்கூடும். 200 உருண்டை மூக்குத் தோட்டாவை விழுங்கிய துப்பாக்கி, முதல் குழி மூக்குத் தோட்டாவிலேயே விக்கி நிற்கலாம்!

ஆகவே எந்தத் தோட்டாவை எடுத்துச் செல்லப் போகிறாரோ, அதையே ஒரு பெட்டியாவது சுட்டுப் பார்க்க வேண்டும். அதன் விலை அதிகம்தான். ஆனால் அதில் மிச்சம் பிடிப்பது, குடை வாங்கி மழையில் விரித்துப் பார்க்காமல் வைத்திருப்பதற்குச் சமம்.

காதும் குழந்தையும்

துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடிச் சத்தம்கூடக் காதைக் கெடுத்துவிடும். காதுக்கு அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் சுடக் கூடாது.

இன்னொரு விரோதி கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான தோட்டாக்களின் பொட்டு வெடியில் ஈயம் கலந்திருக்கிறது. சுடும்போது அது தூளாகி, கையிலும் உடையிலும் படிகிறது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். கழுவாமல் சாப்பிடக் கூடாது. அந்த உடையோடு குழந்தையைத் தூக்கவும் கூடாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு? உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ, வேறு பாதுகாப்புக் கருவியோ சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டம் செய்தது. கொடுப்பதோடு சட்டத்தின் வேலை முடிந்தது. பூட்டுவது வீட்டுக்காரரின் வேலை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1976ஆம் ஆண்டில் துப்பாக்கிப் பள்ளி தொடங்கியவர் ஜெஃப் கூப்பர். அவர் வகுத்த நான்கு விதிகளைச் சுடுகிறவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலை நீட்டக் கூடாது. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரியாமல் சுடக் கூடாது.

நான்கு பெட்டித் தோட்டா துப்பாக்கியைப் பழக்கிவிடும். இந்த நான்கு விதிகளும் பழக்குவது மனிதனை. துப்பாக்கி பழகாவிட்டால் தோட்டா சிக்கும். மனிதன் பழகாவிட்டால் உயிர் போகும்!