சிவப்பைவிடப் பச்சைப் புள்ளி ஏன் பளிச்சிடுகிறது?

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் அதில் லேசர் பொருத்துகிறார்கள். சிவப்பு லேசரின் அலைநீளம் சுமார் 635 முதல் 650 நானோமீட்டர். பச்சைக்கு 520 முதல் 532. பகலில் நம் கண் மிக நன்றாக உணர்வது 555-ஐ. பச்சை அதற்கு அருகில் இருப்பதால், ஒரே திறனில் பல மடங்கு பளிச்சென்று தெரிகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணின் உச்சம் 507 பக்கம் நகர்கிறது. சிவப்பு இன்னும் பின்தங்கிவிடும்.

புள்ளி விழும் இடத்திலேயே குண்டும் பாயுமா? எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் லேசர், துப்பாக்கிக் குழலுக்குக் கீழே இருக்கும். ஒளி நேராகப் போகும். குண்டு புவியீர்ப்பால் தாழும். அறைக்குள் இந்த வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். என் கவலை வேறு: இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்பதை அந்தப் புள்ளி காட்டாது. அதற்கு டார்ச் வெளிச்சம் வேண்டும், அதற்கும் முன்னால், "யாரது?" என்ற கேள்வி.